‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’: வாசித்தவர்களும் வாசிக்கப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த நாவலை நான்கு முறை எடுத்துப் பேசியிருக்கிறோம். நான்கு முறையும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். கூட்டத்தில் கை தூக்கிக் கேட்டவை, கூட்டம் முடிந்து படிக்கட்டில் நிறுத்திக் கேட்டவை, இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டவை என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் என் தொண்டையாவது மிஞ்சும் என்றுதான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். கதையின் போக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள், பிறகு படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

ஹார்ப்பர் லீ எழுதி 1960 ஜூலையில் வெளிவந்த நாவல். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், மேகோம் என்ற கற்பனைச் சிற்றூர். காலம் 1933 முதல் 1935 வரை, பெரும் பொருளாதார மந்தத்தில் ஊரே கையில் காசில்லாமல் கிடக்கும் நேரம். கதை சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. தொடக்கத்தில் அவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. நான்கு வயது மூத்த அண்ணன் ஜெம், கோடை விடுமுறைக்கு வந்து போகும் டில், சமையல் செய்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் கால்பூர்னியா, மனைவியை இழந்த வழக்கறிஞரான அப்பா அட்டிகஸ் ஃபின்ச். இதுதான் வீடு.

டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் ஒரு வெள்ளைப் பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்தார் என்று வழக்கு. அவருக்காக வாதாடும் பொறுப்பு அட்டிகஸிடம் வருகிறது. இன்னொரு பக்கம், வருடக்கணக்காக வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லி என்ற அண்டை வீட்டுக்காரரைப் பற்றிப் பிள்ளைகள் கட்டும் கதைகள். (தமிழில் எழுதினால் மலர் போலத் தெரிகிறது. குழந்தைகளைப் பயமுறுத்த எழுப்பும் ஓசை அது. எங்கள் வட்டத்தில் ஒருவர் பாதி நாவல் வரை அவரைப் பெண் என்றே நினைத்திருந்தார்.)

மாக்கிங்பேர்ட் என்பது என்ன பறவை? தமிழில் என்ன சொல்வது?

அது நம் பக்கத்தில் இல்லாத பறவை. வட அமெரிக்காவில் வேலியிலும் தோட்டத்திலும் சாதாரணமாகத் திரியும் சாம்பல் நிறக் குருவி. மற்ற பறவைகளின் குரலை வாங்கிப் பாடுவதில் கெட்டி. பிற பறவைகளின் குரலில் கூவும் துடுப்புவால் கரிச்சானை ஒரு ஒப்புமைக்கு நினைத்துக்கொள்ளலாம், உறவு எதுவும் கிடையாது. பெயரில் உள்ள ‘மாக்’ கேலியைக் குறிப்பதில்லை, போலச் செய்வதைக் குறிக்கிறது.

பிள்ளைகளுக்குக் காற்றுத் துப்பாக்கி கிடைக்கும்போது அட்டிகஸ் சொல்கிறார்: மாக்கிங்பேர்டைச் சுடுவது பாவம். ஏன் என்று எதிர்வீட்டு மௌடி அம்மையார் விளக்குகிறார். அது யார் தோட்டத்தையும் தின்பதில்லை, சோளக் குதிரில் கூடு கட்டுவதில்லை, பாடுவது ஒன்றுதான் அதன் வேலை. டாமும் பூ ராட்லியும் அந்தப் பறவைகள் என்று தேர்வுக் குறிப்புகளில் எழுதுவார்கள். தவறில்லை. ஆனால் டாமை ஒரு தீங்கற்ற பறவையாக மட்டும் பார்த்தால் என்ன விடுபடுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இது உண்மையாக நடந்ததா?

ஒரே ஒரு வழக்கைப் பார்த்து எழுதியதல்ல. லீ பிறந்தது அலபாமாவில் ‘மன்ரோவில்’ (Monroeville) என்ற சிற்றூரில். தந்தை அமாசா கோல்மன் லீ வழக்கறிஞர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 1919-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக, ஒரு தந்தைக்கும் மகனுக்குமாக, வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு அவர் குற்ற வழக்கே எடுக்கவில்லை. 1933-ல் அதே ஊர்ப் பக்கம் வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர்மீது ஒரு வெள்ளைப் பெண் வல்லுறவுக் குற்றம் சாட்டினார். மரண தண்டனை விதித்தார்கள், பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். 1937-ல் அடைபட்ட இடத்திலேயே இறந்தார். அப்போது லீக்குப் பத்து, பதினொரு வயது.

நாடறிந்த வழக்கு ஸ்காட்ஸ்பரோ. 1931 மார்ச்சில் அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலிலிருந்து ஒன்பது கறுப்பின இளைஞர்களை இறக்கி, இரண்டு வெள்ளைப் பெண்களை வல்லுறவு செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். சில நாள்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1933-ல் அந்தப் பெண்களில் ஒருவரே தான் சொன்னது பொய் என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். ஊர்க்காரர்களிலிருந்து பொறுக்கி எடுத்த நடுவர் குழுவான ஜூரி அப்போதும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதவியை இழந்தார். லீ இதிலிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டது நிகழ்ச்சிகளை அல்ல, அந்த நீதிமன்றத்தின் காற்றை என்பது என் எண்ணம்.

டாம் குற்றமற்றவர் என்பது விசாரணையிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு எப்படித் தண்டித்தார்கள்?

எல்லாக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி இதுதான், கேட்பவர்களின் முகத்தில் கோபமும் இருக்கும். சாட்சியம் இவ்வளவுதான். மேயெல்லா யூவெல் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகத்தில் காயங்கள், பெரும்பாலும் வலப்பக்கம். எதிரே நின்று அடித்தவர் இடக்கை ஓங்கியவராக இருக்க வேண்டும். அட்டிகஸ் அவளுடைய அப்பா பாப் யூவெலைப் பெயர் எழுதச் சொல்கிறார். அவர் இடக்கையால் எழுதுகிறார். டாமின் இடக்கையோ சிறுவயதில் பஞ்சு அரைக்கும் எந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது. உறுதிமொழி எடுக்கும்போது பைபிள்மீது வைத்தால் நழுவி விழுந்துவிடுகிறது. மருத்துவரை யாரும் அழைக்கவேயில்லை.

ஜூரி சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் திரும்பி வருகிறார்கள். தண்டித்துவிட்டு வரும் ஜூரி, கைதியை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று ஸ்கவுட் கவனிக்கிறாள். அவர்களுக்குச் சாட்சியம் புரியாமலில்லை. ஒரு வெள்ளைக் குடும்பத்தின் சொல்லுக்கும் ஒரு கறுப்பினத்தவரின் சொல்லுக்கும் நடுவே எது எடைபோடப்படும் என்பது விசாரணைக்கு முன்பே முடிவாகிவிட்டது. யூவெல் குடும்பத்தை ஊரில் யாரும் வீட்டு வாசல்வரைகூட விடமாட்டார்கள். அவர்களுடைய சொல்லும் போதுமானதாகிவிடுகிறது, அதுதான் கொடுமை.

ஜூரியில் ஏன் ஒரு பெண்கூட, ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை?

அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்காரும் உரிமை 1966-ல் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. நாவலில் அட்டிகஸ் இதைப் பிள்ளைகளிடம் சொல்கிறார். கறுப்பினத்தவரின் பெயர்கள் பட்டியலிலேயே ஏறாது. மேலே சொன்ன ஸ்காட்ஸ்பரோ வழக்கின் ஒரு மேல்முறையீட்டில், அப்படி ஒதுக்குவது அரசமைப்புக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கதைக் கணக்கின்படி டாமின் விசாரணை அதே ஆண்டுக் கோடையில் நடக்கிறது. தீர்ப்பு வாஷிங்டனில் இருந்தது. மேகோமில் பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நீதிபதி நியமித்த வழக்கறிஞர்தானே அட்டிகஸ்? கடமையைச் செய்ததற்கு ஏன் இவ்வளவு புகழ்?

நியாயமான கேள்வி. வழக்கை அவர் தேடிப் போகவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட வழக்கு மாக்ஸ்வெல் கிரீன் என்ற புதிய வழக்கறிஞரிடம் போகும். அனுபவமில்லாதவர், நடைமுறைக்கு ஒப்புக்குப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நீதிபதி டெய்லர் வேண்டுமென்றே அட்டிகஸிடம் கொடுக்கிறார். ஊருக்கு அவர் வழக்கை ஏற்றதில்கூடக் கோபமில்லை. நீதிமன்ற வாசலில் நிற்கும் கிழவர்கள் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள்: உண்மையாகவே வாதாடப் போகிறாராம், அதுதான் பிடிக்கவில்லை என்கிறார்கள்.

ஒப்புக்குச் செய்வது, மனதாரச் செய்வது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நாவல் அளக்கிறது. வாய்தா வாங்குவதும் ஆவணத்தில் கையெழுத்துப் போடுவதும் எல்லா வழக்கறிஞரும் செய்வது. ஒரு வெள்ளைப் பெண் பொய் சொல்கிறாள் என்று, அவளைப் ‘மிஸ்’ போட்டு மரியாதையாக அழைத்துக்கொண்டே, ஊர் முழுக்கக் கூடியிருக்கும் இடத்தில் காட்டுவது வேறு. அந்த மரியாதையைப் பார்த்து மேயெல்லா, தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபப்படுகிறாள். யாரும் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை.

போதைக்கு அடிமையான கிழவிக்கு ஓர் அத்தியாயம் எதற்கு? கதைக்குச் சம்பந்தமே இல்லையே.

திருமதி டுபோஸ் நடைபாதையில் போகிற பிள்ளைகளைத் திண்ணையிலிருந்து திட்டுகிறவர். அப்பாவைப் பற்றி இழிவாகப் பேசியதும் ஜெம் அவருடைய காமெலியாச் செடிகளின் மொட்டுகளையெல்லாம் வெட்டி எறிகிறான். தண்டனையாகத் தினமும் போய்ப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பை நிறுத்தலாம் என்று அலாரக் கடிகாரம் அடிக்கும் நேரம் ஒவ்வொரு நாளும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. அவர் இறந்த பிறகுதான் அட்டிகஸ் சொல்கிறார்: வலிக்காக மார்ஃபின் எடுத்து அடிமையாகிப்போனவர், எதற்கும் கட்டுப்படாதவராகச் சாக வேண்டும் என்று அதை விட்டார். ஒரு முறை மருந்து எடுப்பதற்கும் அடுத்த முறைக்கும் நடுவே நீளும் இடைவெளியைத் தாங்குவதற்காகத்தான் வாசிப்பு.

இந்த அத்தியாயம் இல்லாவிட்டால் வழக்கு அத்தியாயங்களுக்கு அளவுகோல் இல்லை. தோற்றுவிட்டோம் என்று தொடங்கும் முன்பே தெரிந்தும் தொடங்கி, கடைசிவரை விடாமல் நிற்பதுதான் துணிவு என்று அட்டிகஸ் மகனிடம் சொல்கிறார். துப்பாக்கி பிடித்த ஆள்தான் வீரன் என்று அவன் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. இதற்கு முந்தைய அத்தியாயம் ஒன்றில் வெறிநாயை ஒரே குண்டில் வீழ்த்தியவரும் அவர்தான். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு சொல் பேசியதில்லை. இன்னொன்று: டுபோஸ் அம்மாள் கடைசிவரை நிறவெறி பிடித்தவர்தான். அவரைப் போய் நான் பார்த்ததிலேயே துணிச்சலானவர் என்கிறார் அட்டிகஸ். துணிவையும் நல்லெண்ணத்தையும் ஒன்றாகக் கட்டாமல் விட்டது லீ செய்த நல்ல காரியம்.

சிறை வாசலில் கொல்ல வந்த கூட்டம் ஒரு சிறுமியின் பேச்சுக்குத் திரும்பிப் போகுமா? நம்ப முடியவில்லை.

எனக்கும் முழுக்க நம்பிக்கை வந்ததில்லை. நீண்ட மின்கம்பியோடு ஒரு பல்பை எடுத்துக்கொண்டு போய், சிறை வாசலில் நாற்காலி போட்டு, செய்தித்தாள் வாசித்தபடி காவல் இருக்கிறார் அட்டிகஸ். கார்களில் ஆள்கள் வந்து இறங்குகிறார்கள். ஸ்கவுட் கூட்டத்தில் தன் வகுப்புப் பையனின் அப்பாவான வால்டர் கனிங்ஹாமைக் கண்டு, உங்கள் மகனை எனக்குத் தெரியும் என்று பேச்சுக் கொடுக்கிறாள். அவர் குனிந்து அவள் தோளைப் பிடித்துப் பதில் சொல்லிவிட்டு, வாருங்கள் போகலாம் என்று ஆள்களை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். நடைமுறையில் அப்படி நடக்கவில்லை. ஸ்காட்ஸ்பரோவில் கூட்டத்தை நிறுத்த மாநிலக் காவல்படையையே வரவழைக்க வேண்டியிருந்தது.

ஆனால் காட்சியை அங்கே விட்டுவிடாதீர்கள். கூட்டம் கலைந்ததும் மேலே இருட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் வருகிறது, அவர்கள் போய்விட்டார்களா என்று. டாம் இவ்வளவு நேரமும் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாம் சிறுமியையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்ததில் அவரை மறந்துபோயிருந்தோம். அந்த ஒரு வரிக்காக மற்றதை மன்னிக்கலாம்.

‘பாவமாக இருந்தது’ என்று டாம் சொன்னது ஏன் அவ்வளவு பெரிய குற்றம்?

நாவலின் நடுப்புள்ளி இதுதான். மேயெல்லா கூப்பிடும்போதெல்லாம் காசு வாங்காமல் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து கொடுத்திருக்கிறார் டாம். ஏன் என்று அரசு வழக்கறிஞர் கில்மர் குடைகிறார். அவளுக்கு உதவ யாருமில்லை, பாவமாக இருந்தது என்கிறார் டாம். கில்மர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். கீழே இருக்கும் வெள்ளையர் யாருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று, மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்கவுட் சொல்கிறாள். இரக்கம் மேலிருந்து கீழே பாய்வது. ஒரு கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்து இரங்கினால், ஏணியில் அவர் மேலே நிற்கிறார் என்றாகிறது. மேகோமால் அதைத் தாங்க முடியாது.

முன்பு பறவை பற்றிச் சொன்னபோது ஒன்று விடுபடும் என்றேனே, அது இதுதான். டாமுக்கு வேறு வழி இருந்தது. பயந்தேன், எசமானி சொன்னாள், செய்தேன் என்று தலைகுனிந்திருக்கலாம். அவள்தான் தன்னைக் கட்டிப்பிடித்தாள் என்பதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறார், விலை என்னவென்று தெரிந்தே சொல்கிறார். அட்டிகஸ் தன் நிம்மதியையும் ஊரார் நட்பையும் பணயம் வைத்தார்; டாம் வைத்தது உயிரை. இந்தப் புத்தகத்தில் மனத்துணிவு பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் கோட்டு போட்டவரிடமே போய் நிற்கிறோம். நான் சாட்சிக் கூண்டைப் பார்க்கச் சொல்வேன்.

மேயெல்லாவை வெறுப்பதா, இரங்குவதா?

இரண்டையும் செய்யலாம். குப்பைமேட்டுக்கு அருகே, குடிகார அப்பனோடு, தம்பி தங்கைகளை வளர்க்கிறவள். வேலியோரம் உடைந்த ஆறு சாடிகளில் சிவப்பு ஜெரேனியச் செடி வளர்த்து, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள். அந்த ஏழு பிள்ளைகளையும் ஐஸ்கிரீம் வாங்க அனுப்பிவிட்டு டாமைத் தனியே பார்க்க, ஒரு வருடம் காசு சேர்த்திருக்கிறாள். அப்பன் அவளை என்ன செய்கிறான் என்பதை டாமின் சாட்சியத்தில் ஒரு வரி கோடி காட்டுகிறது. கில்மரும் சரி, நீதிபதியும் சரி, அந்த வரியைத் தொடாமல் கடந்துபோகிறார்கள்.

அட்டிகஸ் தன் வாதத்தில் அவளுக்கு இரங்குகிறேன் என்கிறார், ஆனால் ஒரு மனிதன் உயிரைக் கொடுத்து அவள் தன் குற்ற உணர்ச்சியைத் துடைக்கப் பார்ப்பதற்கு அந்த இரக்கம் நீளாது என்கிறார். எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது. வல்லுறவுப் புகார் பொய்யாகிப்போகும் கதை என்பதால் பெண்கள் புகாரை நம்பக் கூடாது என்று பாடம் எடுப்பவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் ஒன்று: அந்தக் காலத்து அலபாமாவில் கறுப்பினப் பெண்ணொருத்தி வெள்ளையன்மீது புகார் சொல்லியிருந்தால், அது விசாரணை வரைக்காவது வந்திருக்குமா?

டாம் உண்மையிலேயே தப்பி ஓடினாரா, அல்லது சுட்டுவிட்டுக் கதை கட்டினார்களா?

தண்டனைக்குப் பிறகு சிறைப் பண்ணையில், உடற்பயிற்சி நேரத்தில், எல்லோரும் பார்க்க வேலியை நோக்கி ஓடினார், காவலர்கள் சுட்டார்கள் என்பது அட்டிகஸ் வீட்டுக்கு வந்து சொல்லும் செய்தி. பதினேழு குண்டுகள். அவ்வளவு தேவையிருக்கவில்லை என்று அவரே சொல்கிறார். ஒரு கை விளங்காதவர் வேலி ஏறி ஓட எண்ணினார் என்பதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நாவல் காவலர்களின் சொல்லைத் தவிர வேறு எதையும் தரவில்லை. மேல்முறையீடு இருக்கிறது என்று அட்டிகஸ் நம்பினார். வெள்ளையரின் வாய்ப்புகளை நம்பி நம்பி டாம் சலித்துவிட்டார் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதை அவர் ஸ்கவுட்டின் அத்தையிடமும் கால்பூர்னியாவிடமும் சமையலறையில் சொல்லும்போது, அடுத்த அறையில் மிஷன் சங்கப் பெண்களின் தேநீர்க் கூட்டம். ஆப்பிரிக்காவில் எங்கோ உள்ள ஒரு பழங்குடியின் துன்பத்துக்குக் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்காரிகள் விசாரணைக்குப் பிறகு முகம் சுளிக்கிறார்கள் என்று குறைப்படுகிறார்கள். லீ எழுதியதிலேயே கூர்மையான பக்கங்கள் அவை.

அட்டிகஸ் ஒரு ‘வெள்ளை மீட்பர்’ என்று விமர்சிக்கிறார்களே, சரியா?

பாதி சரி. 1992-ல் மன்ரோ ஃப்ரீட்மன் என்ற சட்ட அறநெறிப் பேராசிரியர் எழுதியது அமெரிக்க வழக்கறிஞர்களிடையே பெரும் சண்டையைக் கிளப்பியது. அட்டிகஸ் சட்டமன்ற உறுப்பினர்; கறுப்பினத்தவர் மாடியில்தான் உட்கார வேண்டும் என்ற நீதிமன்றத்தில் வருடக்கணக்காகத் தொழில் செய்தவர்; நியமிக்கப்படும்வரை அந்த ஏற்பாட்டை எதிர்த்து ஒரு விரலும் அசைக்கவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. கறுப்பினத்தவரை வன்முறையால் மிரட்டிய வெள்ளை நிறவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானை ஏதோ பழைய அரசியல் கட்சி என்பதுபோல அட்டிகஸ் பேசும் இடமும் உண்டு. மேலே சொன்ன 1935 தீர்ப்பு அவர் வாயில் வரவேயில்லை என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

மறுபாதி: அவர் யாரையும் மீட்கவில்லை. டாம் செத்துப்போகிறார். மீட்பர் என்ற பட்டம் பெரும்பாலும் 1962-ல் வந்த படத்தால், அதில் ஆஸ்கர் வாங்கிய கிரிகரி பெக்கின் கம்பீரத்தால் ஏறியது. நாவலில் அவர் கண் மங்கிய, சட்டைப் பையில் சங்கிலிக் கடிகாரம் போட்டுக்கொள்ளும், ஐம்பதை எட்டும் ஆள். வழக்கு முடிந்த மறுநாள் காலை சமையலறை முழுக்கக் கறுப்பினத்தவர் கொடுத்தனுப்பிய உணவு: கோழி, உப்புப் பன்றியிறைச்சி, தக்காளி, அவரை. அவர் கண் கலங்கி, இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள், காலம் மோசமாக இருக்கிறது என்கிறார். தோற்ற வழக்கறிஞருக்கு வந்த சம்பளம் அது. அதை வாங்க அவருக்குக் கூசுகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கறுப்பினப் பாத்திரங்களெல்லாம் அமைதியாக, நன்றியோடு மட்டும் இருக்கிறார்களே?

இது புத்தகத்தின் உண்மையான குறை. கால்பூர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப்போகும் அத்தியாயத்தில்தான் கதவு கொஞ்சம் திறக்கிறது. அங்கே பாட்டுப் புத்தகம் கிடையாது. ஒருவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதைப் பாடுகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். டாமின் மனைவி ஹெலனுக்காகப் பத்து டாலர் சேரும்வரை போதகர் சைக்ஸ் கதவைச் சாத்தி வைக்கிறார். அங்கே கால்பூர்னியா வேறு பேச்சுவழக்கில் பேசுவதைக் கேட்டு ஸ்கவுட் திகைக்கிறாள். வெள்ளைப் பிள்ளைகளை ஏன் இங்கே கூட்டிவந்தாய் என்று லூலா என்ற பெண் எதிர்த்துக் கேட்கிறாள். நாவலில் கோபத்தை வாய்விட்டுச் சொல்லும் ஒரே கறுப்பினப் பாத்திரம் கிட்டத்தட்ட அவள்தான், இரண்டு பக்கத்தில் காணாமல் போகிறாள்.

கால்பூர்னியாவின் வீட்டுக்குள் நாம் போவதேயில்லை. டாம் இறந்த செய்தி கேட்டு ஹெலன் விழுந்ததுகூட டில் பார்த்து ஸ்கவுட்டிடம் சொல்லி, அவள் சொல்லித்தான் நமக்கு வருகிறது. வெள்ளைச் சிறுமியின் பார்வை என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியரைக் காப்பாற்றலாம். ஆனால் அந்தப் பார்வையைத் தேர்ந்தெடுத்ததும் ஆசிரியர்தானே.

கடைசியில் ஷெரீப் பொய் சொல்கிறார், அட்டிகஸும் ஒத்துக்கொள்கிறார். இது நீதியா?

பழிவாங்க வரும் பாப் யூவெல் இருட்டில் பிள்ளைகளைத் தாக்குகிறான். பூ ராட்லி வந்து காப்பாற்றுகிறார், யூவெல் கத்திக்குத்தில் சாகிறான். தன் கத்திமீதே விழுந்து செத்தான் என்று முடித்துவிடுகிறார் அந்த வட்டாரக் காவல் அதிகாரியான ஷெரீப் ஹெக் டேட். கூச்சமே வாழ்க்கையான மனிதரை ஊர் முன்னால் இழுத்து நிறுத்துவது பாவம் என்கிறார். அது மாக்கிங்பேர்டைச் சுடுவது போலத்தானே என்று ஸ்கவுட் கேட்டதும் அட்டிகஸ் அடங்குகிறார்.

மனசு ஒத்துக்கொள்கிறது, கணக்கு இடிக்கிறது. ஒரு வெள்ளைக்காரரைக் காப்பாற்ற வளையக்கூடிய சட்டம் டாமுக்காக ஓர் அங்குலம் வளையவில்லை. லீ இதைத் தெரிந்தே வைத்தாரா, கதையை இதமாக முடிக்க வைத்தாரா என்று எங்கள் வட்டத்தில் இரண்டு கட்சி. நான் ஒவ்வொரு முறையும் கட்சி மாறியிருக்கிறேன்.

2015-ல் வந்த இன்னொரு நாவலில் அட்டிகஸ் நிறவெறியராக வருகிறாராமே? பிறகு இதை எப்படிப் படிப்பது?

‘கோ செட் எ வாட்ச்மன்’ இதன் தொடர்ச்சியாக விற்கப்பட்டது. உண்மையில் அது முதலில் எழுதியது. 1950-களின் நடுவில் எழுதிக் கொடுத்த கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், அதில் வரும் சிறு வயது நினைவுகளை வைத்து எழுதச் சொன்னார். அப்படி உருவானதுதான் மாக்கிங்பேர்ட். முந்தையதில் இருபத்தாறு வயது ஸ்கவுட் ஊர் திரும்புகிறாள். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற 1954 தீர்ப்பை எதிர்க்கும் வெள்ளையர் மன்றக் கூட்டத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதை, சிறு வயதில் விசாரணை பார்த்த அதே மாடியிலிருந்து பார்க்கிறாள்.

இரண்டும் ஒரே மனிதர் என்று நினைத்து ஒன்றால் மற்றதை அழிக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தைய பதிலில் ஃப்ரீட்மன் சந்தேகப்பட்ட அட்டிகஸ், எழுதியவரின் மேசையிலேயே முதலில் இருந்திருக்கிறார் என்பது எனக்குச் சுவையான செய்தி.

பள்ளிகளில் இதைத் தடை செய்தார்களா? ஏன்?

இரண்டு திசையிலிருந்தும். 1966-ல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளிக் குழு, ஒழுக்கக்கேடானது என்று நீக்கியது. லீ ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதி, அந்தக் குழுவினரை முதல் வகுப்பில் சேர்க்கச் செலவாகட்டும் என்று சிறு தொகையும் வைத்து அனுப்பினார். 2017-ல் மிசிசிப்பியின் பிலாக்சியிலும், 2018-ல் மின்னசோட்டாவின் டுலூத்திலும் பாடத்திலிருந்து எடுத்த காரணம் வேறு: கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் நாவல் முழுக்க வருகிறது, அதை வகுப்பில் உரக்க வாசிக்கும்போது கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பது கறுப்பின மாணவர்கள். முதல் தடையைப் பார்த்துச் சிரிக்கலாம். இரண்டாவதைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை.

இவ்வளவு புகழ் பெற்ற நாவல் வந்த பிறகு அந்த ஊராவது மாறியதா?

லீ பிறந்த மன்ரோவில் ஊரின் பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அங்கே இந்தக் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். பார்வையாளர்களிலிருந்தே ஜூரியைப் பொறுக்கி எடுத்து உட்கார வைப்பார்கள்.

அதே ஊரில் 1986-ல் ஒரு சலவைக் கடையில் வெள்ளை இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவரை 1987-ல் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் மீன் பொரித்து விற்று நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள்; அவர் அங்கேதான் இருந்தார் என்று சொல்லப் பல கறுப்பினத்தவர் இருந்தார்கள். விசாரணை தொடங்கும் முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளின் பகுதியில் அடைத்தார்கள். 1988-ல் ஒன்றரை நாள் விசாரணை. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி, முக்கிய சாட்சி தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, 1993 மார்ச்சில் மெக்மில்லியன் வெளியே வந்தார். நாவல் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வல்லுறவு என்ற சொல்லை ஸ்கவுட்டே அப்பாவிடம் கேட்கிறாள். உங்கள் மகளும் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூறு பக்கம் மெதுவாக நகரும், நடுவில் வைத்துவிடுவாள். வெறிநாய் வரும் அத்தியாயம் வரை தாக்குப்பிடித்தால் அதன் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.